காணிக் கணக்கு: ஒரு தூண்டில் நாளின் பற்றும் வரவும்

தூண்டில் 8. நேரம் 5 மணி. மீன் 31. எடை 20 கிலோ 750 கிராம். செலவு 3,676 ரூபாய்.

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம், காணிப்பாக்கத்துக்கு அருகில் உள்ள ஓர் ஏரியில் நாங்கள் எட்டுப் பேர் எங்களுக்குள் நடத்திக்கொண்ட தூண்டில் போட்டியின் கணக்கு இது. நோட்டை நான்தான் எழுதினேன். கூட்டல் சரியாக வந்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் நோட்டைப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குப் பிறகு நோட்டின் பாதியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சந்நிதி சத்தியப் பிரமாணத்துக்குப் பேர்போனது. கடன் தகராறு, களவு, பங்காளிச் சண்டை என்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் கோயில் குளத்தில் முழுகி, சாமி முன்னால் உண்மை சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஊர் எல்லையில் எழுதுகிற கணக்கில் ஒரு வரியும் விடுபடக் கூடாது என்பதால், விட்டுப்போன வரிகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

காணி என்றால் எவ்வளவு

ஊர்ப் பெயரிலேயே ஓர் அளவு இருக்கிறது. வாய் பேசாதவர், காது கேளாதவர், கண் தெரியாதவர் என்று மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டியபோது சாமி வெளிப்பட்டதாகவும், ஜனங்கள் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்துக்குப் பரவியதாகவும் தல வரலாறு சொல்கிறது. காணியில் நீர் பாய்ந்த இடம் காணிப்பாக்கம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த கோயில் இது.

ஆகவே இந்தக் கட்டுரைக்கும் காணியே அளவு.

1 காணி = 100 குழி
1 குழி = 576 சதுர அடி
1 காணி = 57,600 சதுர அடி, அதாவது 24 மனை
ஏக்கரில் 1.32; ஹெக்டேரில் 0.535

நாங்கள் போன அன்று அந்த ஏரியில் நீர் பரந்திருந்த இடம் சுமார் 30 காணி. ஹெக்டேரில் 16. சராசரி ஆழம் 5 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு காணி நீரின் கொள்ளளவு 2,88,000 கன அடி, அதாவது 81.5 லட்சம் லிட்டர். முப்பது காணிக்கு 24 கோடியே 46 லட்சம் லிட்டர்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சித்தூர்ப் பக்கம் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். தென்மேற்கும் வடகிழக்கும் பாதிக்குப் பாதி என்று பங்கிட்டுக் கொடுப்பது. ஒரு காணி நீர்ப்பரப்பின் மேல் நேராக விழும் மழை ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் 48 லட்சம் லிட்டர்தான். 81.5 லட்சத்துக்கு 33 லட்சம் குறைகிறது. மீதியைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். கால்வாய் தூர்ந்தால் வானம் எவ்வளவு பெய்தாலும் ஏரி நிறையாது.

போகிற பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 30 காணி ஏரி ஒரே பகலில் 9.6 லட்சம் லிட்டரை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மதகைத் திறக்காவிட்டாலும், கரையில் கசிவே இல்லாவிட்டாலும், 5 அடித் தண்ணீர் 254 நாளில் தீரும். மீனுக்குக் கிடைக்கிற ஆயுள் இந்த எண்ணுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

2021 நவம்பர் இதற்கு விதிவிலக்கு. அந்த மாத வெள்ளத்தில் சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தன. திருப்பதிக்கு அருகே ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு சுற்றுக் கிராமங்களையே காலி செய்ய வேண்டி வந்தது. நாங்கள் போன ஏரியும் அப்போது நிரம்பிக் கோடி போனது. அடுத்த கோடையிலும் வற்றவில்லை. டிசம்பரில் எங்கள் முள்ளில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கெண்டைகள் ஏறியதற்கு முதல் காரணம் அந்த வெள்ளம்.

பற்று

அன்றைய செலவு, ரூபாயில்:

குத்தகைக்காரருக்கு, தூண்டிலுக்கு 200 வீதம் 8 தூண்டிலுக்கு: 1,600
கடலைப் புண்ணாக்கு 4 கிலோ, கிலோ 55: 220
அரிசித் தவிடு 4 கிலோ, கிலோ 25: 100
கோதுமை மாவு 2 கிலோ, கிலோ 45: 90
தூண்டில் முள் 20, ஒன்று 5: 100
ஈயக்குண்டு, தக்கை: 80
நரம்பு 2 சுருள், ஒன்று 120: 240
பெட்ரோல், 4 வண்டி, 120 கிலோமீட்டர், 2.4 லிட்டர்: 266
இட்லி, டீ, ஆளுக்கு 60: 480
முதல் பரிசு: 500
மொத்தம்: 3,676
ஆளுக்கு: 459 ரூபாய் 50 காசு

மண்புழுவுக்குக் காசு இல்லை. வாழைத்தோட்டத்து வாய்க்காலோரம் இரண்டு பேர் முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் தோண்டினார்கள்.

பட்டியலில் புண்ணாக்கு இருப்பதற்குக் காரணம் உண்டு. சித்தூர் நிலக்கடலை விளையும் மண். கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிக்குச் சரி கலந்து போடுவதுதான் கெண்டைப் பண்ணைகளில் காலங்காலமாக இருந்துவரும் தீவனம். ஏரி மீனும் அந்த மணத்துக்கு வரும். அதைப் பெரிய உருண்டையாக ஒரே தடவையில் எறிந்தால் பலன் இல்லை. கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. உள்ளே போனது நேராகக் குடலுக்குப் போகும். ஆகவே அது கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் மேயும். எலுமிச்சை அளவு உருண்டையைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருப்பவர் பக்கம்தான் கூட்டம் நிற்கும். அன்று ஜெயித்தவர் செய்தது இதைத்தான்.

ஐந்து மணி நேரம்

இடம் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். இடத்துக்கு இடம் இருபது அடி. ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள். காலை 6:30க்குத் தொடங்கி 11:30க்கு முடிப்பது. மீனின் எண்ணிக்கை கணக்கில்லை, எடைதான் கணக்கு.

எனக்கு விழுந்தது 6ஆம் இடம். பனி விலகாத நேரத்தில் தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தண்ணீருக்கு அடியில் யார் வந்திருக்கிறார் என்பதைத் தக்கையே சொல்லிவிடும். ஜிலேபி மீன் (திலாப்பியா) தக்கையைப் படபடவென்று குத்தும். கெளுத்தி ஒரே இழுப்பாகப் பக்கவாட்டில் கொண்டுபோகும். அடியில் சேறு கிளறும் மிர்கால் வந்தால் முதலில் தக்கையைச் சுற்றி ஊசிமுனை போலக் குமிழிகள் வரிசையாக எழும், தக்கை அசையாது. ரோகு, எங்கள் சந்தையில் சீலாவதி, மாவை உதட்டால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். தக்கை அரை விரல் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். மூன்றாவது இறக்கத்தில் ஏறாமல் சரிந்தால்தான் இழுக்க வேண்டும். 8:10க்கு என் தக்கை அப்படிச் சரிந்தது. 1 கிலோ 200 கிராம் ரோகு. அதற்கு முன்னால் இரண்டு தடவை அவசரப்பட்டு இழுத்து, முள்ளை வெறுமையாகப் பார்த்தவன் நான்.

ஏரிக்குள் மாடி வீடு போல மூன்று மட்டம் இருக்கிறது. கட்லா மேல் மட்டம். வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடு மட்டம். மிர்கால் அடி மட்டம்; வாய் கீழ்நோக்கி இருக்கும். ஒன்றின் சோற்றில் இன்னொன்று கை வைப்பதில்லை. மூன்றையும் 4:3:3 என்ற விகிதத்தில் சேர்த்து விடுவது இதனால்தான்.

வரவு

இடவாரியாக, கிலோவில்:

1ஆம் இடம்: 3.400
2ஆம் இடம்: 0.850
3ஆம் இடம்: 6.150 (முதல் பரிசு)
4ஆம் இடம்: 0
5ஆம் இடம்: 2.200
6ஆம் இடம்: 1.750
7ஆம் இடம்: 4.300
8ஆம் இடம்: 2.100
மொத்தம்: 20.750

மீன்வாரியாக:

கட்லா 4: 7.600 கிலோ
ரோகு 7: 7.450 கிலோ
மிர்கால் 3: 2.250 கிலோ
ஜிலேபி 14: 2.450 கிலோ
கெளுத்தி 3: 1.000 கிலோ
மொத்தம் 31: 20.750 கிலோ

ஜெயித்தவரின் 6.150 வெறும் மூன்றே மீன். 3.100 ஒரு கட்லா, 1.600 இன்னொரு கட்லா, 1.450 ஒரு ரோகு. எட்டுப் பேர் ஐந்து மணி நேரம் என்றால் 40 தூண்டில் மணி. ஒரு தூண்டில் மணிக்குக் கிடைத்தது 519 கிராம்.

இந்தப் பட்டியலை ஏரியின் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. விட்ட குஞ்சில் 10க்கு 4 கட்லா. எங்களுக்கு ஏறிய 14 கெண்டையில் கட்லா 4தான், ரோகு 7. நுண்ணுயிர் தின்னும் கட்லா மாவு உருண்டைக்கு எளிதில் மயங்குவதில்லை. தூண்டில் காட்டுவது பசித்த மீனை. ஏரியில் உள்ள மீனை அல்ல.

கிலோ என்ன விலை

3,676 ரூபாயை 20.75 கிலோவால் வகுத்தால் கிலோ 177 ரூபாய். அன்று சித்தூரில் நான் விசாரித்த கட்லா விலை 170. ஏழு ரூபாய் அதிகம்.

அத்தோடு முடியவில்லை. கம்பும் சக்கரமும் சேர்ந்து 1,800 ரூபாய், 60 தடவை உழைக்கும் என்றால் தடவைக்கு ஆளுக்கு 30. எட்டுப் பேருக்கு 240. இப்போது 3,916, கிலோ 189. இன்னும் எங்கள் கூலி சேரவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2022-23இல் ஆந்திரத்துக்கு அறிவித்த நாள் கூலி 257 ரூபாய். அரை நாள் 128 ரூபாய் 50 காசு. எட்டுப் பேருக்கு 1,028. இப்போது மொத்தம் 4,944. கிலோ 238.

மீன் வேண்டுமென்றால் சந்தைக்குப் போவதுதான் லாபம் என்று இந்த எண்கள் சொல்கின்றன. அதை நாங்கள் எல்லோரும் அறிவோம். நாங்கள் 68 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது காலை 6:30 முதல் 11:30 வரை ஒரு தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் அமைதி. அந்தச் செலவை நான் ஒருபோதும் வீண் என்று எழுத மாட்டேன்.

யார் போட்ட குஞ்சு

எடை போட்டு முடித்து, மீனைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது குத்தகைக்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் எழுதியிருக்கீங்க தம்பி. குஞ்சை எழுதலையே.”

“குஞ்சுக்கு நாங்க செலவு பண்ணலையே அண்ணா.”

“ஆமா. அதை நான் பண்ணேன்.”

விடுபட்ட வரி இதுதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். ஏரியில் எத்தனை ஆண்டு வளர்ந்தாலும் ஒரு குஞ்சு தானாகப் பிறக்காது. ஜிலேபி அப்படியில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, இரண்டு மூன்று மாத வயதிலேயே வாய்க்குள் குஞ்சு சுமக்கத் தொடங்கிவிடும். கெளுத்தியும் விராலும் ஏரியின் சொந்தப் பிள்ளைகள். ஆனால் எங்கள் சாக்கில் இருந்த 14 கெண்டையும், ஒன்று விடாமல், யாரோ காசு கொடுத்து வாங்கி விட்டவை.

காசு கொடுத்தால் குஞ்சு கிடைக்கும் என்ற நிலைமையே 1957க்குப் பிறகு வந்த சமாச்சாரம். முன்பெல்லாம் கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ள காலத்தில் ஆற்றில் வலை கட்டிப் பொறுக்க வேண்டும். அதில் எது கட்லா, எது களை மீன் என்று தெரியாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞும் கெண்டைக்கு மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, தொட்டியிலேயே முட்டையிட வைத்தார்கள். இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். 2022-23இல் இந்தியாவின் மீன் உற்பத்தி 175 லட்சம் டன்னைத் தாண்டியது. மாநிலங்களில் முதலிடம் ஆந்திரத்துக்கு. அதன் பெரும்பகுதி கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் குளங்களில் விளைவது. எங்கள் வறண்ட சித்தூர் ஏரிக்கும் வேர் அதே ஊசிதான்.

அண்ணா சொன்ன கணக்கு இது. 2021 ஆகஸ்டில் 15,000 விரலளவுக் குஞ்சு விட்டார். ஒன்று 2 ரூபாய். 30,000 ரூபாய். விகிதப்படி கட்லா 6,000, ரோகு 4,500, மிர்கால் 4,500.

அந்த 15,000க்குப் பின்னால் போய்ப் பார்ப்போம். பொரித்து மூன்று நாளான நுண்குஞ்சை நாற்றங்கால் குளத்தில் விட்டால் 100க்கு 30 முதல் 40 பிழைப்பது நல்ல விளைச்சல். 35 என்று வைப்போம். அதிலிருந்து விரலளவுக்கு வளர்வது 100க்கு 60. ஆகவே 15,000 விரலளவுக் குஞ்சுக்கு 25,000 சிறு குஞ்சு வேண்டும். 25,000க்கு 71,000க்கு மேல் நுண்குஞ்சு வேண்டும். தாய்க்கெண்டை தன் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம் முட்டை சாதாரணமாக இடும் என்பதால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது.

ஏரிக்குள் வந்த பிறகும் இழப்பு நிற்காது. விரால் தின்னும், நீர்க்காகம் தின்னும், கோடி போகும்போது கலிங்கில் கட்டிய வலையைத் தாண்டி ஓடும். 15,000இல் கைக்கு வருவது 4இல் 1, அதாவது 3,750 என்பது அண்ணாவின் அனுபவக் கணக்கு. ஒன்று சராசரி 800 கிராம் என்றால் 3,000 கிலோ. 71,000 நுண்குஞ்சில் 3,750. அதாவது 19இல் 1. என் தூண்டிலில் ஏறிய 1 கிலோ 200 கிராம் ரோகுக்கு 18 உடன்பிறப்புகள் வழியில் போய்விட்டன.

இந்த 3,000 கிலோ நம்பும்படியானதா என்று இன்னொரு பக்கத்திலிருந்து சரிபார்த்தேன். இந்தியாவின் நீர்த்தேக்கங்களின் மீன் விளைச்சலை வி.வி. சுகுணன் தொகுத்து 1995இல் உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்டது. அதில் சிறிய நீர்த்தேக்கங்களின் அகில இந்தியச் சராசரி ஹெக்டேருக்கு 50 கிலோ. ஆந்திரத்துக்கு 188 கிலோ. காணிக் கணக்கில் முறையே 27 கிலோ, 100 கிலோ. முப்பது காணிக்கு 100 வீதம் 3,000. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன. தண்ணீரோடு வைத்துப் பார்த்தால், இந்த ஏரியில் ஒரு கிலோ மீனுக்குப் பின்னால் 81,500 லிட்டர் நிற்கிறது.

ஒரு நாளும் ஒரு பருவமும்

3,000 கிலோவில் 20.75 கிலோ என்றால் நூற்றுக்கு 0.7. பெரிய விஷயமில்லை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

வாரம் ஒரு போட்டி, ஏரியில் நல்ல தண்ணீர் நிற்கும் அரை ஆண்டுக்கு 26 போட்டி என்று போட்டுப் பார்த்தேன். 26 × 20.75 = 539 கிலோ. ஏரி நன்றாக விளைந்து 3,000 கிலோ கொடுத்தால் அது நூற்றுக்கு 18. குஞ்சு விடாத ஆண்டில், அல்லது மழை பொய்த்த ஆண்டில், ஏரி அகில இந்தியச் சராசரிக்கு இறங்கினால் அதன் மொத்த விளைச்சலே 800 கிலோதான். அப்போது எட்டே எட்டுத் தூண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடும்.

பணக் கணக்கிலும் இதே கதை. கரையில் அண்ணாவிடம் வியாபாரி எடுக்கும் விலை கெண்டை கிலோ 120, ஜிலேபி 60, கெளுத்தி 100. எங்கள் சாக்கின் மதிப்பு:

கெண்டை 17.300 கிலோ: 2,076
ஜிலேபி 2.450 கிலோ: 147
கெளுத்தி 1.000 கிலோ: 100
மொத்தம்: 2,323
நாங்கள் கொடுத்தது: 1,600
அவருக்குக் குறைவு: 723

அன்று எங்கள் விளையாட்டுக்கு 723 ரூபாய் மொய் எழுதியவர் அவர். நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. காணிப்பாக்கத்தை ஒட்டி ஓடும் பாகுதா நதிக்கு ஒரு கதை உண்டு. பசித்த தம்பி லிகிதன் கேட்காமல் ஒரு மாம்பழத்தைப் பறித்துத் தின்றான். அண்ணன் சங்கன் அதைக் களவு என்றான். அரசன் தம்பியின் கைகளை வெட்டினான். நதியில் முழுகியபோது கை திரும்ப முளைத்தது. கை தந்த நதி ஆகையால் பாகுதா. பழம் ஒன்றுதான், பசியும் உண்மைதான். ஆனாலும் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான் என்பது அந்தக் கதையின் கணக்கு.

மற்ற ஊர்க் கணக்கு

இங்கிலாந்தில் தூண்டில் போட்டி இதே வடிவம்தான். சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பது, பெரும்பாலும் ஐந்து மணி நேரம், எடைக்கு வெற்றி. ஒரே வேறுபாடு, அங்கே பிடித்த மீனை எடைபோட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரே கெண்டை பல தடவை பலர் கையில் ஏறி இறங்கும். கொல்லாமல் விட்டால் ஒரு கெண்டை எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1952 செப்டம்பர் 13 அன்று ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 44 பவுண்டுக் கெண்டை, ஏறக்குறைய 20 கிலோ, லண்டன் மிருகக்காட்சிச் சாலையின் தொட்டிக்குப் போய் 1971 வரை உயிரோடு இருந்தது.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து மீன்பிடித் திருவிழா இன்னொரு வகை. கண்மாய் வற்றும் கோடையில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்த மீன்பிடிக் கருவியோடு ஊரே இறங்கும். ஒரு காலையில் கண்மாய் காலி. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளுக்காக மீனைத் தொடாமல் ஊர் காத்திருக்கிறது. எடுப்பதற்கு ஒரு நாள், காப்பதற்கு மற்ற நாளெல்லாம் என்பது அவர்கள் கணக்கு.

நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றோம். போகும்போதெல்லாம் எடுக்கிறோம், திருப்பி விடுவதும் இல்லை.

இங்கிலாந்து வழக்கத்தை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. அங்கே பிடித்த மீனைப் போட்டி முடியும்வரை நீருக்குள் தொங்கும் நீண்ட வலையில் வைத்திருந்து, கடைசியில் மொத்தமாக எடைபோட்டு விடுகிறார்கள். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5. எங்கள் ஊர் வெயிலில் மீனுக்கு மூச்சு அந்த அளவுக்குக் குறைவு. வலையில் ஐந்து மணி நேரம் நெருக்கி வைத்துவிட்டு விடுவது, பலவற்றைச் சாகவிட்டு விடுவதற்குச் சமம். இங்கே பிடித்த உடனே, ஈரக் கையால், ஈரத் துணியில் வைத்து எடை போட்டு, அந்த நிமிடமே விட வேண்டும்.

திருத்திய கணக்கு

அன்று மாலையே கரையில் உட்கார்ந்து அதே 31 மீனை வைத்துக் கணக்கைத் திருத்தினோம். விதி மூன்று.

முதலாவது, 1 கிலோவுக்குக் குறைந்த கெண்டை திரும்பத் தண்ணீருக்கு. போட்டிக்கு அதன் எடை செல்லும், சாக்குக்குச் செல்லாது. எங்கள் 14 கெண்டையில் அப்படிப்பட்டவை 6: மூன்று ரோகு, மூன்று மிர்கால், மொத்தம் 4 கிலோ 400 கிராம். கோடைக்குள் ஒவ்வொன்றும் அரை கிலோ ஏறினால் ஏரிக்கு 3 கிலோ கூடுதல்.

இரண்டாவது, நுழைவுக்கு ஆளுக்கு 100. எடுத்துப்போகும் கெண்டைக்குக் கரை விலையில் நிறுத்துக் காசு. ஜிலேபிக்குக் காசு இல்லை. அது தானே பெருகி, காசு கொடுத்து விட்ட குஞ்சின் தீவனத்தில் பங்கு கேட்கும் மீன். அதை எடுப்பது ஏரிக்கு உதவி. கெளுத்திக்கும் வேண்டாம் என்று அண்ணாவே சொன்னார்.

நுழைவு 8 × 100: 800
கெண்டை 12.900 கிலோ × 120: 1,548
குத்தகைக்காரருக்கு மொத்தம்: 2,348
முன்பு கொடுத்தது: 1,600
கூடுதல்: 748
ஆளுக்கு: 93 ரூபாய் 50 காசு

மூன்றாவது, நீர் கால்பங்குக்கு இறங்கினால் போட்டி நிற்கும். 30 காணி 7 காணியாகச் சுருங்கும்போது அதே மீன் நாலு மடங்கு நெருக்கமாக நிற்கும். அப்போது தூண்டில் போட்டால் யார் கைக்கும் ஏறும். அது போட்டி ஆகாது; அது அண்ணாவின் அறுவடைக் காலம்.

இந்த விதிப்படி அன்றைய மொத்தச் செலவு 3,676இலிருந்து 4,424 ஆகிறது. ஆளுக்கு 553. வீட்டுக்கு வருவது 20.750 கிலோவுக்குப் பதில் 16.350. கிலோ 177 ரூபாயாக இருந்தது 271 ஆகிறது. மீனாகப் பார்த்தால் நஷ்டம் கூடிவிட்டது. ஏரியாகப் பார்த்தால் முதன்முறையாகக் கணக்கு நேரானது.

அன்றைய பாக்கி 748 ரூபாயை எட்டுப் பேரும் அங்கேயே பிரித்துப் போட்டோம். திருப்பி விட்டிருக்க வேண்டிய ஆறு கெண்டைக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. அவை சாக்கில் எப்போதோ செத்திருந்தன. 650 கிராம் ரோகு ஒன்று மேலாகக் கிடந்தது. ஆகஸ்டில் 2 ரூபாய்க்கு வந்து, வெள்ளத்தில் கோடி தாண்டாமல், விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் தப்பி, 19இல் ஒன்றாக 16 மாதம் பிழைத்த மீன். அதற்கு இன்னும் 350 கிராம் தேவைப்பட்டது.

அடுத்த போட்டிக்கு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். பற்று என்று எழுதி, அதன் கீழ் முதல் வரியாக இப்படி எழுதினேன்: குஞ்சு, 15,000, விட்டவர் அண்ணா.